குளிர்காலத்தில் தூங்காத கரடி

அந்த ஞாயிற்றுக்கிழமை தூங்கியே தீருவது என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டு எடுக்க எனக்கென்ன உயிர்மேல் ஆசை இல்லையா?

வாரத்தில் ஆறு இரவு, பனிச்சறுக்கு மலையில் பனி அமுக்கும் வண்டி ஓட்டுகிறேன். டோக்கியோக்காரர்கள் பகலெல்லாம் விழுந்து விழுந்து குழி பறித்த சரிவை, ஒற்றை ஆளாக இஸ்திரி போட்ட மாதிரி ஆக்கிவிட்டு வருவேன். விடிந்ததும் அவர்கள் வந்து மறுபடி விழுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மலையைத் துடைக்கிறேன். அது ஒருநாளும் சுத்தமாக இருந்ததில்லை.

மற்ற நாள் பகலில் தூங்கலாமே என்பீர்கள். கூரைப் பனியை உங்கள் மாமனாரா வந்து தள்ளுவார்? மிச்சம் ஞாயிறு. அதைத்தான் என் மனைவி ஃபுசாயே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் ஊர் பனிநடைக் கழகத்துக்கு அவள் தலைவி. ஞாயிறு எட்டு மணிக்கு இருபது பேர், பனியில் புதையாமலிருக்கக் காலில் அகலமான பனிவளையம் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். நரி எங்கே ஓடியது, முயல் எங்கே புழுக்கை போட்டது என்று குனிந்து பார்த்துப் பரவசப்படுவார்கள். பிறகு எல்லோருக்கும் சோயா விழுது கரைத்த மிசோ சூப், சுடச்சுட. அந்தச் சூப் பானை என் முதுகில்.

"நான் எதுக்குடி வரணும்?"

"பின்னே, பானையை முயல் தூக்குமா?"

ஒரே வழிதான் இருந்தது. கரடித் தடம் தெரிந்தால் காட்டு நடைக்குத் தடை. ஊர் அலுவலக விதி. ஜனவரியில் கரடிகள் தூங்கும், கொடுத்துவைத்த ஜென்மங்கள். ஆனால் எப்போதாவது, படுக்கக் குகை கிடைக்காத ஒன்று பனியில் அலையும். அந்தக் கரடி என்றால் ஊரே நடுங்கும். எனக்கு அதனோடு ஒரு சொந்தம் உண்டு. அதற்கும் என்னைப் போலத் தூங்க இடமில்லை.

பழைய காய் நறுக்கும் பலகைகளை வெட்டி நாலு பாதம் செய்தேன். நகத்துக்கு, பனிக்கடியில் புதைத்துவைத்த முள்ளங்கியைச் சீவிச் செருகினேன். உறைந்ததும் இரும்பு. ஞாயிறு விடியற்காலை வேலை முடிந்து வரும் வழியில், நாலு காலிலும் மாட்டிக்கொண்டு கழகம் நடக்கும் காட்டுப் பாதையில் இருநூறு மீட்டர் தவழ்ந்தேன். முதுகு கழன்று தனியாக வீட்டுக்குப் போய்விட்டது.

திரும்புவது எப்படி? துரத்தினால் கரடி தன் தடத்திலேயே பின்னால் நடந்து, பக்கவாட்டில் தாவி மறையும் என்று ஃபுசாயே பாடம் எடுத்திருக்கிறாள். அப்படியே செய்தேன். தாவினேன். சாலையோரப் பனிக்குவியலில் குப்புற விழுந்தேன். சாலை வழியாக வீடு வந்து, படுக்கைக்குள் புகுந்து கண்ணை மூடினேன்.

ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு கிஜிமாவின் அலறல். ஓய்வுபெற்ற தபால்காரர். ஊருக்கே கேட்கும் தொண்டை.

"தலைவியம்மா! கரடி! கரடித் தடம்!"

போர்வைக்குள் சிரித்தேன்.

"அப்படியா? சத்தம் கேட்டா கரடி விலகிப் போயிரும், எல்லாரையும் இடுப்புல மணி கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க," என்றாள் ஃபுசாயே. "ஆபீசுக்குச் சொல்றதுக்கு முன்னாடி நெசமான்னு பாக்கணும்ல. என்னங்க, எந்திரிங்க. பானை."

"கரடி கடிக்கும், ஃபுசாயே!"

"கடிக்குமா கடிக்காதான்னு தடத்தைப் பாத்துட்டு நான் சொல்றேன்."

இருபது பேர். இருபது மணி. நடுவில் பானையோடு நான்.

"நல்லாப் பாருங்க," என்று குச்சியால் காட்டினாள் ஃபுசாயே. "நாலு பாதமும் ஒரே அளவு. கரடிக்கு முன்னது வேற, பின்னது வேற."

"புது ஜாதியா இருக்கும்," என்றேன்.

"ஆமாங்க. சோம்பேறி ஜாதி. பத்தடிக்கு ஒருதரம் உக்காந்திருக்கு. இதோ, உக்காந்த அச்சு."

எல்லோரும் அச்சைப் பார்த்தார்கள். பிறகு, ஏனோ, என் பின்புறத்தைப் பார்த்தார்கள்.

"ஐயோ, நகம் விழுந்திருக்கு!" கிஜிமா எடுத்தார். மோந்தார். கடித்தார். "இனிப்பு முள்ளங்கி. உங்க தோட்டத்துதுதானே?"

"சொந்த விதை," என்றாள் ஃபுசாயே பெருமையாக. "இங்க பாருங்க, தடத்துலயே பின்னால நடந்திருக்கு. போன மாசம் நான் சொன்னதை ஒருத்தராவது தூங்காமக் கேட்டிருக்கார்."

தாவிய இடத்துக்கு வந்தோம். பனிக்குவியலில் ஒரு முழு ஆள், கை விரித்தபடி. மூக்குகூடத் தெளிவாகப் பதிந்திருந்தது. என் மூக்கு கொஞ்சம் கோணல். அதுவும் கோணல்.

பானையை இறக்கி வைத்து, இடுப்பை வளைத்து வணங்கினேன். "மன்னிச்சிருங்க. எனக்குத் தூக்கம் வேணும். வாரத்துல ஒரே ஒரு காலை. அவ்வளவுதான்."

ஒரு தேவதாரு மரம் பனியைப் பொத்தென்று உதறியது. ஃபுசாயே முதல் கிண்ணம் சூப்பை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

"இதை என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"மாட்டேன். கேட்டிருக்கலாம்னுதான் சொன்னேன்."

கிஜிமா தொண்டையைச் செருமினார். "தலைவியம்மா, ஒண்ணு சொல்றேன். மூணு வருஷ நடையில இன்னைக்குக் கத்துக்கிட்ட மாதிரி என்னைக்கும் கத்துக்கலை. நெச முயலெல்லாம் நம்ம நேரத்துக்கு வர்றதே இல்ல."

ஃபுசாயேயின் கண் மின்னியது. கழகம் அங்கேயே கூடியது. கை தூக்கினார்கள். இருபதுக்கு இருபது.

"என்னங்க, இனிமே ஞாயித்துக்கிழமை நீங்க பானை தூக்க வேண்டாம். நடைக்கும் வர வேண்டாம். தூங்குங்க."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "நெசமாவா?"

"நெசமா. எட்டு மணிலேர்ந்து. அஞ்சு மணிக்கு முயல் தடம், ஆறு மணிக்கு நரித் தடம், ஏழு மணிக்கு மலையாட்டுத் தடம் போட்டுட்டு வந்து படுத்துக்குங்க. பாதமெல்லாம் நானே செஞ்சு தரேன்."

போன ஞாயிறு மூன்றையும் போட்டுவிட்டு வந்து படுத்தேன். சரியாக ஒன்பது மணிக்குப் போர்வையை உருவினாள். என் முயல் நொண்டுகிறதாம். இருபது பேரும் காத்திருக்கிறார்கள், நேரில் வந்து திரும்பக் குதித்துக் காட்ட வேண்டுமாம்.