ராகு காலத்தில் கிளம்பிய லோரி

கம்ப்யூட்டரைக் கண்டால் பயம் என்று சிலர் சொல்வார்கள். எனக்குக் கம்ப்யூட்டரிடம் என்றைக்கும் பயம் இருந்ததில்லை. அதை நம்பி இருக்கும் மனிதர்களை நினைத்துத்தான் பயந்து செத்திருக்கிறேன். அதிலும் அந்த வெள்ளிக்கிழமை செத்த மாதிரி வேறு என்றைக்கும் செத்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவின் கிள்ளானில் மளிகைச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு முதல் வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. முதலாளி ஐயா அதிகம் பேச மாட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். (இன்றைக்கும் யாராவது அப்படிப் பார்த்தால் நான் பாட்டுக்கு எழுந்து நின்றுவிடுகிறேன்.)

ஆர்டர், ஸ்டாக், டெலிவரி எல்லாவற்றுக்கும் ஐயா வெளிநாட்டு மென்பொருள் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். எல்லாம் தெரிந்த அதற்கு ராகு காலம் மட்டும் தெரியவில்லை. ஐயாவின் கிடங்கிலிருந்து ராகு காலத்தில் ஒரு லோரியும் நகராது. ஆகவே டெலிவரி ஆர்டர் அச்சிடும் ஃபைலை நான் திருத்தினேன். ராகு காலத்தில் எத்தனை ஆர்டர் தட்டினாலும் உள்ளேயே பிடித்து வைத்திருந்து, முடிந்ததும் அச்சடித்துத் தள்ளும். ஐயா பார்த்துவிட்டு "ம்" என்றார். அந்த "ம்" போதாதா, எனக்குத் தலைகால் புரியவில்லை.

மென்பொருளை விற்ற கம்பெனியிலிருந்து லிம் என்பவர் வந்து போவார். திருத்திய ஃபைலை அசல் ஃபைல்களோடு வைக்காதே, வேறு பெயர் கொடுத்துத் தனி இடத்தில் வை, இல்லாவிட்டால் புதுப் பதிப்பு வரும்போது உன்னுடையதை அழித்துவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நானும் தலையை ஆட்டினேன். இருப்பதே ஒரு ஃபைல், அதைப் போய் நான் மறப்பேனா?

மறந்தேன். வியாழன் சாயங்காலம் புதுப் பதிப்பைப் போட வந்த லிம், எந்த ஃபைலிலாவது கை வைத்தாயா என்று கேட்டார். "நோ லா" என்றேன், கம்பீரமாக.

மறுநாள் காலை ராகு காலம் நடந்துகொண்டிருக்கும்போதே பிரிண்டர் கரகரவென்று ஓடத் தொடங்கியது. ஆர்டர் தட்டும் லெட்சுமி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இன்னிக்கு ராகு சீக்கிரம் கெளம்பிட்டாரா?"

சுவிட்சைத் தேடும் நிதானம் இல்லாமல் பிளக்கையே பிடுங்கினேன். அதற்குள் முதல் தாளைக் கிழித்துக்கொண்டு டிரைவர் மணியம் அங்கிள் ஜெஞ்சாரோமுக்குப் புறப்பட்டுவிட்டார். அவர்மேல் தப்பில்லை. என் ஃபைல் வந்த நாளிலிருந்து கிடங்கில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பிரிண்டர் ஓடினால் ராகு காலம் முடிந்தது என்று அர்த்தம்.

ஐயா அறையிலிருந்து வெளியே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். நான் உளறிக் கொட்டியதைக் கேட்டுவிட்டு, லிம்முக்குப் போன் போட்டு விவரம் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"லோரி நல்லபடியா திரும்பி வரட்டும். நீ இங்க இருக்கியா இல்லையான்னு அப்புறம் பேசலாம்."

அந்தக் காலத்தில் லோரியில் ஏது கைத்தொலைபேசி? ராகு காலத்தைக் கிண்டலடித்துக்கொண்டிருந்த நான், அன்றைக்கு அந்த லோரியின் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக வேண்டிக்கொண்டேன். மத்தியானமே வரவேண்டிய லோரி வரவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் கவிழ்ந்து கிடக்கும் லோரி, மிதக்கும் பருப்பு மூட்டைகள், மணியம் அங்கிள் வீட்டு வாசலில் கூட்டம், கூட்டத்துக்கு நடுவில் நான். இப்படியே மனசு ஓடியது. உள்ளே உட்கார முடியாமல் கேட் அருகில் போய் நனைந்துகொண்டு நின்றேன்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் லோரி வந்தது. ஒரு கீறல் இல்லை. வழியில் மரம் விழுந்து நெரிசலாம். மணியம் அங்கிள் இறங்கியதும் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். மனுஷர் மிரண்டே போனார்.

"ஒண்ணும் ஆவலப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்," என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஐயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தலையைத் துவட்டு, பிறகு அந்த ஃபைலை மறுபடி எழுதித் தனியாக வை என்றார். என் வேலை பிழைத்தது.

மணியம் அங்கிள் மட்டும் அந்த அழுகையை மறக்கவில்லை. பெற்ற பிள்ளைகூடத் தனக்காக இப்படி மழையில் காத்து நின்றதில்லை என்று கிள்ளான் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் தன் மகளையே எனக்குக் கட்டி வைத்தார். இன்றைக்கும் தீபாவளிக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

கல்யாணமான புதிதில், அசட்டுத்தனமாக, உண்மையை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவள் கேட்கும் எதற்காவது நான் முகம் சுளித்தால் போதும்.

"அப்பாகிட்ட சொல்லட்டா, அன்னிக்கு எதுக்கு அழுதீங்கன்னு?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவேன்.