நீலத்தாரின் திரைச்சீலை

ஒன்றுமே இல்லாத படத்தை வரைவதற்கு ஒரு மாரிகாலம் முழுவதையும் செலவழித்த மனிதர் இந்த உலகத்தில் எங்கள் நீலத்தார் ஒருவர்தான். வல்வெட்டித்துறையில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. இருந்த பெயரை அவர் விரல்களில் ஏறியிருந்த அவுரி நீலம் விழுங்கிவிட்டது. அவர் என் தகப்பனாரான அப்புவின் தம்பி, எனக்குக் குஞ்சியப்பு. இதை இப்போது கூசாமல் எழுதுகிறேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் இதை வெளியே சொல்வதில்லை.

இளமையில் ஒழுங்காகத்தான் வரைந்தார். கொழும்பில் அவர் எழுதிய லட்சுமி படத்தில் மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணலாம் என்பார்கள். நடுவயதில் ஊருக்குத் திரும்பியவர், "உருவம் கீறக் கீற மனசுக்குள்ளை சந்தை கூடுது" என்று அதை விட்டுவிட்டார். அதன்பிறகு பழைய கப்பற்பாய் ஒன்றை விரித்து, அதன் முன்னே கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். மனம் அடங்கினால்தான் தூரிகையைத் தொடுவார். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டால் போச்சு, அன்றைக்கு வேலை இல்லை.

ஒரு தோணிக்காரர் தன் புதுத் தோணியின் பின்புறத்தில் லட்சுமியை எழுதித் தரச் சொன்னார். நீலத்தார் பலகை முழுவதும் மஞ்சளைப் பூசி வைத்தார்.

"லட்சுமி எங்கை?"

"மஞ்சளுக்கை. அவசரப்படாமல் இருந்து பார்."

அந்த மனிதர் பொழுதுபடும் வரை இருந்து பார்த்துவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அப்புவை ஏசிவிட்டுப் போனார்.

இன்னொருமுறை எங்கள் வாசற்படலையில் பனங்காய்க் களியால் அழகான ஒரு செம்மஞ்சள் வட்டம் போட்டார். "வெளியிலை போகேக்கை இதைக் கொஞ்சம் பாத்திட்டுப் போங்கோ, மனம் தெளியும்" என்றார். விடிய எழும்பிப் பார்த்தால் யாரோ ஒருவருடைய மாடு வட்டத்தைச் சுத்தமாக நக்கிவிட்டு, படலையையும் நக்கிக்கொண்டிருந்தது. அப்பு தடியை எடுத்தார். குஞ்சியப்பு தடுத்தார். "விடு அண்ணை. உது என்னெண்டு கேளாமல் ரசிச்சது உந்த மாடு ஒண்டுதான்."

ஒழுங்கையில் அவர் எதிரே வந்தால் நான் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துவிடுவேன். அப்பு வானத்தைப் பார்ப்பார்.

அப்போது எனக்கு ஊர்காவற்றுறையில் கலியாணம் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் பாய்க்கப்பல் ஓட்டும் தண்டையல். கரையில் நின்று கூப்பிட்டால் நடுக்கடலில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான், அப்படிக் குரல். எங்கள் முருகன் கோயிலில் கொடியேறிவிட்டால் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். எங்களுடைய நாளில் சம்பந்தியாகப் போகிறவர் வந்து எங்கள் சீரைப் பார்ப்பதாக ஏற்பாடு. தரகர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், நீலத்தாரைத் தவிர.

அந்த வருடம் மூலஸ்தானத்துக்குப் புதுத் திரைச்சீலை கொடுப்பதாக அப்பு நேர்ந்திருந்தார். வழக்கமாக எழுதும் ஓவியர் படுத்த படுக்கை. வேறு வழியில்லாமல் தம்பியிடம் போனார்.

"முருகன் இருக்கவேணும், விளங்குதோ?"

"இருப்பார்."

"ஆறு முகமும்?"

"ஒண்டும் குறையாது அண்ணை."

கொட்டிலைப் பூட்டிக்கொண்டு மாரி முழுவதும் உள்ளே இருந்தார். திருவிழாவன்று மாலை சீலையைச் சுருட்டியபடியே தோளில் கொண்டுவந்து, தானே கயிறு பிடித்துக் கட்டினார். சீலை விரிந்தது. நீலம். மேலே கறுப்புக்குக் கிட்டிய நீலம், கீழே வரவர வெளிறி, அடிக்கரையில் விடிகிறதோ இல்லையோ என்று ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். முருகன் இல்லை, மயில் இல்லை, ஒரு வேல்கூட இல்லை.

"பின்பக்கத்தை முன்னுக்குக் கட்டிப்போட்டாங்களப்பா" என்றார் முதல்நாள் உபயகாரர், சந்தோஷம் தாங்காமல். ஐயரும் அப்படித்தான் நினைத்தார். "திருப்பிக் கட்டுங்கோ!" அப்பு பல்லைக் கடித்துக்கொண்டு கத்த, நாலுபேர் சேர்ந்து திருப்பிக் கட்டினார்கள். மறுபக்கமும் நீலம். கூட்டம் சிரித்த சிரிப்பில் தவில்காரர் அடிக்க மறந்துவிட்டார். பூமி பிளந்தால் முதலில் இறங்குகிறவன் நானாக இருந்திருப்பேன்.

ஆனால் உள்ளே அலங்காரம் முடிய நேரம் எடுத்தது. வழக்கமாக அந்த நேரத்தில் சனம் திரைச்சீலையில் இருக்கிற தேவர்களை ஒவ்வொருவராகச் சுட்டிக் கதைக்கும். இதில் சுட்டிக் கதைக்க ஒன்றும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கோயில் அடங்கிப்போனது. பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. எனக்கு வியர்வைதான் ஓடியது.

பூசை முடிந்ததும் அப்பு தண்டையலிடம் ஓடினார். அவர் வாய் திறக்கும் முன்பே இவர் திறந்துவிட்டார். "குறை நினையாதேங்கோ. உது கூலிக்குப் பிடிச்ச ஆள் செய்த வேலை."

நீலத்தார் பக்கத்தில்தான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நின்றார். தண்டையல் அவரைப் பார்த்தார். "ஓமோ?"

குஞ்சியப்பு அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம் ஐயா. கூலிக்குத்தான் வந்தனான்."

"காத்து விழுந்து, விடியப்போற நேரம் நடுக்கடல் இப்பிடித்தான் இருக்கும்" என்றார் தண்டையல். அந்தப் பெரிய குரல் அன்றைக்கு மெல்ல வந்தது. "அந்த நேரத்திலை மட்டும் என்ரை மனசிலை ஒரு பயமும் இராது. இண்டைக்குத் தரையிலை கண்டன். கலியாணத்துக்கு உந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, மணவறை சோடிக்க."

அதுவரை அவரால் எங்களுக்கு வெட்கம். அந்த நிமிடத்திலிருந்து எங்களால் எங்களுக்கு வெட்கம். இது முந்தியதை விடப் பொல்லாதது, குனிந்து செருப்பு வாரைப் பார்த்தாலும் போகவில்லை.

"இனி எப்பிடியடா மாத்திச் சொல்லுறது?" என்று அப்பு வீட்டில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

"விடு அண்ணை. பெடியன்ரை கலியாணம் நடக்கட்டும்" என்றார் குஞ்சியப்பு. கூலியாளாகவே எங்களோடு ஊர்காவற்றுறைக்கு வந்து, கூலியாளாகவே மணவறை சோடித்து, வேலை முடிந்ததும் சுத்தியலோடு ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றார்.

தாலி ஏறியது. அறுகரிசி போடுகிற நேரம். அறுகம்புல்லும் அரிசியும் எடுத்துத் தலையில் தூவி வாழ்த்துவது இனசனம் மட்டும். ஒவ்வொருவராக வந்தார்கள். நான் தூணின் பக்கம் பார்க்கவில்லை.

அப்போது பந்தல் அதிர ஒரு குரல். "சம்பந்தி! உங்கடை தம்பி ஏன் தூணோடை நிக்கிறார்? அறுகரிசி போட வரச்சொல்லுங்கோ!"

அப்பு தூணையும் தண்டையலையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு... எப்பிடி..."

"கோயிலிலை ரெண்டுபேரும் பக்கத்திலை பக்கத்திலை நிண்டியள். ஒரே அச்சிலை வாத்த உந்தக் காதுகளை மறைக்க ஒரு திரைச்சீலை காணாது. நீங்களாச் சொல்லுவியள் எண்டு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான்."

பந்தலே சிரித்தது. அப்பு மட்டும் சிரிக்கவில்லை. அறுகரிசித் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு தூணடிக்குப் போய், தம்பியின் முன்னே நீட்டிக்கொண்டு நின்றார். குஞ்சியப்பு சுத்தியலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் தண்டையலின் கையில் கொடுத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

அறுகரிசி போட்டு அவர் என் தலையைத் தொட்டபோது, துடைத்தும் போகாத நீலம் பட்டுத் தலைப்பாவில் பெருவிரல் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அந்தத் தலைப்பாவை இன்றுவரை நான் வெளுக்கக் கொடுத்ததில்லை.