புலிக்கொசுவுக்குத் தகுதி போதாது

எங்கள் ரெயூனியன் தீவில் எரிமலைகூட அவ்வப்போது மனம் மாறும். மாறாத ஒன்றைத் தரிசிக்க வேண்டுமென்றால் நகராட்சியின் கொசு ஒழிப்புப் பிரிவுக்குத்தான் வர வேண்டும். அங்கே எழுத்தராக இருக்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது.

எங்கள் இயக்குநர் நாத்திவெல் 'விஞ்ஞான நோக்கு' உள்ளவர். கொசுவை அடிக்க மாட்டார், வகைப்படுத்துவார்.

கல்லறைத் திருநாள் முடிந்த வாரம், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும் மதாம் ஜினெத் வந்தார். சந்தையில் மீன் விற்பவர்; குரலும் அதற்கேற்றபடி.

"ஐயா, எங்க தெருவுல பாதிப் பேருக்கு சிக்குன்குன்யா. நிமிர முடியாம வளைஞ்சு கெடக்காங்க. என் மக நிறைமாசம். இன்னிக்கே மருந்தடிங்க."

"கடிச்சது எந்தக் கொசு?"

"பேரு கேட்டுக்கலீங்க. கறுப்பு, வெள்ளைக் கோடு."

இயக்குநர் பெருந்தன்மையோடு சிரித்தார். "அது புலிக்கொசும்மா. இந்த வைரஸைப் பரப்புற தகுதி அதுக்குப் போதாது. போன வருஷமே தீர்மானம் போட்டாச்சு."

"தீர்மானத்தைக் கொசுகிட்ட சொன்னீங்களா?"

இது புகார்க் குறிப்பில் சேர்க்கத் தக்கதல்ல என்பதால் பேனாவை மூடினேன்.

"சரி, மருந்து வேணாம். கல்லறை மேல வெச்ச பூஜாடித் தண்ணியையாவது கொட்டிட்டு மணலைப் போடுங்க. உள்ள பூரா புழு நெளியுது. நான் கொட்டப் போனா அந்தந்தக் குடும்பம் அடிக்க வருது."

"என்ன பேசறீங்க! செத்தவங்க பூவுல கை வெச்சா, உயிரோட இருக்கறவங்க ஓட்டுப் போடுவாங்களா?"

ஊர் மரபைக் காத்த அந்த உறுதியில் எனக்குப் புல்லரித்தது. புல்லரித்த இடத்திலேயே கொசு கடித்தது.

ஜினெத்தின் மகளுக்கு அதே காய்ச்சலும் பிரசவ வலியும் ஒன்றாக வந்தன. பிறந்த பெண் குழந்தைக்குச் சில நாளில் வலிப்பு. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இயக்குநரும் தடியூன்றி அலுவலகம் வந்தார். கடித்தது புலிக்கொசுதான், அவரே வகைப்படுத்தினார்.

பிறகு ஆய்வகத்திலிருந்து செய்தி வந்தது. வைரஸ் தன்னில் ஒரு சின்னத் துணுக்கை மாற்றிக்கொண்டு புலிக்கொசுவுக்குள் வசதியாகக் குடியேறிவிட்டதாம். இயக்குநரின் முகம் தெளிந்தது. உடனே கூட்டம் கூடி, வைரஸின் 'முன்னறிவிப்பற்ற நடத்தை'யைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம்.

அன்று மாலை ஜினெத் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். சந்தைக் குரல் போய்விட்டிருந்தது.

"எங்க மேல தப்பில்லம்மா," என்றார் இயக்குநர். "வைரஸ் மாறிடுச்சு."

"அதுக்கு மூளை உண்டா ஐயா?"

"மூளையா? அது உயிருள்ளதான்னே சொல்ல முடியாதும்மா."

"உயிரே இல்லாதது மாறிடுச்சு." ஜினெத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க உயிரோடதான் இருக்கீங்களா?"