ஏழுமலையைத் திருப்பிப் போட்ட கதை

பதினெட்டு பேர் லைக் போட்ட மனிதன் பத்தொன்பதாவது ஆளுக்காக எதையும் செய்வான். இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த மனிதனே நான்தான்.

பொன்னேரியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஐம்பதை நெருங்கும்போது சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு முட்டிவலி வரும். எனக்குக் கலை வந்தது. (மூன்றுமே முழுதாகக் குணமாவதில்லை.) ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேமராவை மாட்டிக்கொண்டு பழவேற்காட்டு ஏரிப் பக்கம் கிளம்பிவிடுவேன். படகு, பூநாரை, காயப்போட்ட வலை, வலைமேல் தூங்கும் நாய் எதையும் விடமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் அதே காட்சியைச் சாக்பீஸ்போல உதிரும் பேஸ்டல் வண்ணக் குச்சிகளால் வரைவேன். அந்தத் தூள் தரையில், சோபாவில், ஒருநாள் தேங்காய்ச் சட்னியில்கூடக் கிடைத்தது. “நீலச் சட்னி நல்லாத்தான் இருக்கு” என்றாள் என் மனைவி சுமதி. அந்த வாக்கியத்தின் வெப்பநிலையை இங்கே எழுத முடியவில்லை.

புகைப்படத்தையும் ஓவியத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இணையத்தில் போடுவதுதான் என் பாணி. அதற்கு ஒரு பக்கத்தை மகள் காவ்யா தொடங்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் நான் தவறாமல் ஒரு வரி எழுதுவேன்: ‘எந்தத் திருத்தமும் இல்லை. கண்ணால் கண்டது கண்டபடி.’ அந்த வரிக்கு நல்ல மரியாதை இருந்தது. முகம் தெரியாத மனிதர்களெல்லாம் ‘நேர்மையான கலைஞர்’ என்று எழுதினார்கள். என் பில் புத்தகத்தைப் பார்த்த வாடிக்கையாளர்கள்கூட அப்படிச் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோணிரேவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு குப்பத்துக்குப் போயிருந்தேன். (பெயரை எழுதினால் மறுபடி கூப்பிடுவார்கள்.) பக்கத்து ஊர்ப் படகுக்காரர் ஒருவர் என்னை ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் போனார். காலை வெயில் கரைமேல் விழுந்துகொண்டிருந்தது. எங்களைக் கடந்து ஒரு நீலப் படகு போனது. பக்கவாட்டில் பெரிய ஆரஞ்சு ஒட்டு. உள்ளே வெற்றுடம்போடு ஒருவர் நின்று கோலால் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் கரையில் ஒரு சவுக்குத் தோப்பு, அதற்கும் பின்னால் ஒரு செல்போன் கோபுரம். எடுத்தேன். என் வாழ்நாளின் நல்ல படம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரே குறை, படகு வலமிருந்து இடமாகப் போனது. இணையத்தில் நான் மதிக்கும் ஒரு பெரியவர், ‘பார்ப்பவர் கண் இடமிருந்து வலமாக ஓடும், படகும் அப்படியே ஓட வேண்டும்’ என்று அடிக்கடி எழுதுவார். ஒரு பொத்தானைத் தட்டினேன். படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக்கொண்டது. படகின் பதிவு எண்ணும் திரும்பிக்கொண்டு ஏதோ வேற்றுக்கிரகத்து எழுத்தாகத் தெரிந்தது. அதையும் விரலால் தேய்த்து அழித்தேன். அதே படத்தைப் பார்த்து ஓவியம் வரைந்தேன். செல்போன் கோபுரம் கலைக்கு உகந்ததாகப் படவில்லை, அந்த இடத்தில் ஒரு தென்னை மரம் வைத்தேன். கீழே வழக்கம்போல எழுதினேன்: ‘இன்று காலை. எந்தத் திருத்தமும் இல்லை. கண்ணால் கண்டது கண்டபடி.’

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போன் வந்தது.

“மருந்துக்கடை சாரா? நான் குப்பத்துலேந்து தலைவர் பேசுறேன். நீங்க எங்க ஆளைப் படம் புடிச்சுப் போட்டுகீறீங்களாமே. நாளைக்குப் பத்து மணிக்கா கொஞ்சம் வந்துட்டுப் போங்க. ஊர் கூடுது.”

“எதுக்குங்க?”

“வாங்க, பேசிக்கலாம்.”

தமிழில் ‘வாங்க, பேசிக்கலாம்’ என்பதைவிடப் பயங்கரமான வாக்கியம் உண்டா என்று தெரியவில்லை. போனை வைத்ததும் கடையிலிருந்த கருவியை என் கையிலேயே கட்டி ரத்த அழுத்தம் பார்த்தேன். அது காட்டிய எண்ணை நம்பாமல் அடுத்த கையில் பார்த்தேன். அது இன்னும் அதிகம். அனுமதி கேட்காமல் படமெடுத்ததற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முடிவு செய்து, நான் செய்த முதல் புத்திசாலித்தனம் அந்தப் பதிவை நீக்கியது. இரண்டாவது, மன்னிப்பு உரை ஒன்றை எழுதி மனப்பாடம் செய்தது. மூன்றாவது, நான்கு பாக்கெட் குளுக்கோஸ் பவுடரை அன்பளிப்பாக எடுத்துக்கொண்டது.

“அடிக்க வர்றவங்களுக்கு எதுக்குங்க குளுக்கோஸ்?” என்று கேட்டாள் சுமதி. “தெம்பாயிடுவாங்க.”

வலைக்கொட்டகையில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், வெள்ளைச் சட்டை, நிதானமான முகம். என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தலைவர் மெதுவாகச் சொன்னார்:

“சார், ஹெல்மெட்டக் கழட்டுங்க. இங்க யாரும் உங்கள ஒண்ணும் பண்ணமாட்டாங்க.”

அப்போதுதான் அது தலையில் இருப்பதே தெரிந்தது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். குளுக்கோஸ் பாக்கெட்டுகள் அதற்குள் பொருந்தின.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களை ஊரார் முறை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இன்று இவருக்கு வடக்கு இடம், அவருக்குத் தெற்கு இடம், அடுத்த முறை மாறும். இதற்குப் பாடு என்று பெயர். எழுதிவைத்த காகிதம் கிடையாது, போலீஸ் கிடையாது, ஆனால் மீறமாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வடக்குப் பாடு ஏழுமலைக்கு. நீலப் படகுக்காரர் அவர்தான். தெற்குப் பாடு தேசப்பன் என்பவருக்கு. அன்று தேசப்பனின் வலையில் இறால் இல்லை. சாயங்காலம் அவருடைய மருமகன் போனில் என் படத்தைக் காட்டியிருக்கிறார். அதில் ஏழுமலையின் படகு தெற்குப் பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

“ஏரில நாங்க எடத்தைக் கரையை வெச்சுதான் பாப்போம் சார்” என்றார் தலைவர். “தோப்பு இடது கைப்பக்கம், டவர் வலது கைப்பக்கம் தெரிஞ்சா அது வடக்குப் பாடு. டவரு இடது பக்கம் வந்துட்டா தெற்கு. உங்க படத்துல டவரு எந்தப் பக்கம் கீது?”

யாரோ சேமித்து வைத்திருந்த என் பதிவை நீட்டினார்கள். கோபுரம் இடது பக்கம் இருந்தது.

“குத்தம்னு ஆயிட்டா இந்த இறால் சீசன் முச்சூடும் ஏழுமலைக்குப் பாடு கிடையாது” என்றார் தலைவர். “அதனாலதான் உங்களையே கூப்ட்டு கேக்கலாம்னு. உங்களை இட்டுகினு போன படகுக்காரன் கடலுக்குப் போய்கீறான், வர மூணு நாளாவும். நீங்க சொல்லுங்க, எந்தப் பக்கம் புடிச்சீங்க?”

எனக்கு வடக்கு தெரியாது. ஏரிக்குள் போய்விட்டால் எனக்கு எல்லாத் திசையும் தண்ணீர்தான். அதைச் சொன்னேன். சிரிக்கவில்லை, ‘பாவம்’ என்பதுபோலப் பார்த்தார்கள்.

“சரி, இந்தப் படம் நீங்க பாத்தது பாத்தபடிதானே? கீழ எழுதிகீறீங்களே.”

அந்த நேரத்தில் நான் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். நான் கலைஞனாகப் பதில் சொன்னேன். “எப்பவுமே அப்படித்தாங்க. எந்தத் திருத்தமும் பண்றதில்ல.”

“அப்ப படகு நம்பரு எங்க?” என்றார் தேசப்பன்.

“வெயில் பட்டு... வெளுத்துடுச்சுங்க.”

“ஆரஞ்சு ஒட்டு மட்டும் வெளுக்கலியே?”

“அது... பெயின்ட் நல்ல பெயின்ட்.”

“நேத்து ராவோட ராவா நெட்லேந்து படத்தை எடுத்துட்டீங்களே, யார் எடுக்கச் சொன்னது? ஏழுமலையா?”

பயத்தில் நான் அழித்த பதிவு ஏழுமலையின் குற்றத்துக்குச் சாட்சியாக மாறியிருந்தது. ஒருவர் என் ஓவியத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “தலைவரே, இதுல டவரே இல்ல. தென்னமரம் நிக்குது. அங்க ஏது தென்னமரம்?” என்றார். இன்னொருவர், “புயல்ல கூட வந்திருக்காதே” என்றார். கூட்டம் சிரித்தது. ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தூணோரம் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் தெற்கால போவல” என்று ஒருமுறை சொன்னார். படம் வேறு சொன்னது.

எனக்குப் புரிந்தது அப்போதுதான். இடது, வலது. பொத்தான். நான் ஒரு மனிதரை ஒரு விரலால் ஏரியின் வடக்கிலிருந்து தெற்குக்குத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கட்டுரையில் சிரிப்பில்லாத பகுதி. புரிந்த உடனே நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் இருக்கலாம். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: ‘படத்தைத் திருப்பிப் போட்டேன்.’ ஆனால் அதைச் சொன்னால் நான் இப்போதுதான் சொன்ன பொய், நம்பர் பொய், வருடக்கணக்காக எழுதிய ‘கண்டபடி’ எல்லாம் வரிசையாக வெளியே வரும். முகம் தெரியாத யாரோ எனக்குக் கொடுத்த ‘நேர்மையான கலைஞர்’ பட்டம் ஒரு பக்கம். எதிரே குந்தியிருக்கும் மனிதரின் ஒரு பருவம் மறு பக்கம். இதில் எது கனமானது என்று மருந்துக் கடைத் தராசு இல்லாமலே தெரியும். எனக்கு ஐந்து நிமிடம் தேவைப்பட்டது. ஹெல்மெட்டுக்குள் இருந்த குளுக்கோஸ் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்குதான்.

அப்போது கொட்டகைக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஏழுமலையின் மனைவி கன்னியம்மா. பெண்கள் கூட்டத்தில் உட்காருவதில்லை, ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் போனை இப்டிக் குடு, நான் பாக்கறேன்.”

“நீ இன்னாத்தப் பாக்கப் போற?” என்றார் தேசப்பன்.

“என் புருசனை நான் பாக்கக்கூடாதா? ஊரே பாக்குது.”

போன் கைமாறி அவரிடம் போனது. அவர் கோபுரத்தைப் பார்க்கவில்லை, தோப்பைப் பார்க்கவில்லை. புருஷனைப் பெரிதாக்கினார்.

“தலைவரே, ஆம்பளைக்கு எந்தக் கையில தாயத்துக் கட்டுவாங்க?”

“வலது கையில.”

“நானே கோயில்ல நின்னு வலது கையிலதான் கட்டினேன். இந்தப் படத்துல இடது கையில கீது. இவரு இன்னா பொம்பளையா?” பிறகு நேராக என்னைப் பார்த்தார். “இன்னா சார் பண்ணீங்க?”

ஏழுமலை எழுந்து நின்று வலது கையை உயர்த்திக் காட்டினார். கறுப்புக் கயிற்றில் செப்புத் தாயத்து. ஐம்பது பேரும் கையைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். பொத்தான், நம்பர், தென்னை மரம், எல்லாம். என் போனில் இருந்த அசல் படத்தையும் காட்டினேன். அதில் தோப்பு இடது பக்கம் இருந்தது, கோபுரம் வலது பக்கம் இருந்தது, தாயத்து வலது கையில் இருந்தது. தேசப்பன் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு ஏழுமலையின் தோளில் கை வைத்தார். “தப்பா நெனச்சுக்காத மாமா. இறால் வரல, அந்தக் கடுப்பு.” ஏழுமலை தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்குத் தலைவர் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. அசல் படத்தைப் போட்டு, முன்பு போட்டது திருப்பிப் போட்டது என்று அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொன்னார். எழுதினேன். அதற்கு மூன்று லைக் விழுந்தது. ஒன்று காவ்யா, ஒன்று தேசப்பனின் மருமகன். மூன்றாவது யாரென்று இன்றுவரை தெரியாது.

ஸ்கூட்டர் வரைக்கும் ஏழுமலை கூடவே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

“எதுக்கு சார் திருப்பினீங்க?” என்றார். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

“படகு இடதுலேருந்து வலது பக்கமாப் போனா பாக்க நல்லா இருக்கும்னு சொல்லுவாங்க.”

கொஞ்சம் யோசித்தார். “அப்ப நான் போனது நல்லா இல்லியா?”

குளுக்கோஸ் பாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். (வாங்கிக்கொண்டார். வெயில் அதிகம்.)

கன்னியம்மா பேசாமல் இருந்திருந்தால் நானே சொல்லியிருப்பேனா? சுமதியிடம் ‘நிச்சயமா’ என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. நானும் அவ்வளவாக நம்புவதில்லை. இப்போதும் படம் எடுக்கிறேன், வரைகிறேன், போடுகிறேன். படகு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். ‘கண்டபடி’ என்று எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். லைக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வீட்டில் மட்டும் விஷயம் இன்னும் முடியவில்லை. கடையில் நடந்த எதைச் சொன்னாலும் காவ்யா, “அப்பா, இது நேராவா, திருப்பியா?” என்று கேட்டுவிட்டுத்தான் கேட்பாள். போன மாதம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. தரகர் பையனின் படத்தைப் போனில் அனுப்பியிருந்தார். நல்ல பையன், நல்ல வேலை, சிரித்த முகம். சுமதி முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கிச் சட்டையைப் பார்த்தாள். இடது பக்கம் இருக்க வேண்டிய பை வலது பக்கம் இருந்தது. பாவம், பையன் தானே எடுத்துக்கொண்ட செல்ஃபி, அது அப்படித்தான் திரும்பிக்கொள்ளும் என்று நான் எடுத்துச் சொல்வதற்குள் தரகரைக் கூப்பிட்டுவிட்டாள்.

“நேரா எடுத்த படமா ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. திருப்பிப் போடுறவர் எங்க வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு.”