மூன்று விரல்கள் நீங்கலாக அனைவரும் நலம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மகளின் மூன்று விரல்கள் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே?

சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்தவளுக்கு மாவுக்கட்டை இறுக்கிப் போட்டுவிட்டு, விரல் மரத்துப்போச்சு என்று அவள் கதறியபோது "குழந்தைன்னா அழத்தான் செய்யும்" என்று டாக்டர் திருப்பி அனுப்பியதும், கட்டைப் பிரித்தபோது வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போனதும் உங்களுக்குத் தெரியும். வக்கீலாக நீங்கள் சொன்ன வழிகளும் எனக்கு மனப்பாடம்: முதலில் சிகிச்சை விவரங்களின் நகல், பிறகு மருத்துவக் கவுன்சிலில் புகார், நுகர்வோர் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு, அதுவரை எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வீராவேசமாகத்தான் மருத்துவமனைக்குப் போனேன். ஆனால் என் பிழைப்பு என்ன? ஃப்ரிட்ஜ் கடையில் புகார் கவுண்டர். கொதித்துப்போய் வருகிறவருக்குத் தண்ணீர் கொடுத்து, தப்பு அவர் மேல்தான் என்று அவரையே ஒப்புக்கொள்ள வைத்து, நன்றி சொல்ல வைத்து அனுப்புகிற உத்தியோகம். மருத்துவமனையிலோ மேனேஜர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "எங்களுக்கும் வருத்தம்தான் சார், ஆனா..." என்று இழுத்தார். பழக்கதோஷம், தப்பை எங்கள் மேலேயே போட்டு நானே முடித்து வைத்தேன்: "நீங்க சொன்ன மாதிரி நாங்க கைய உயர்த்தி வெச்சிருக்க மாட்டோம்."

"அதேதான் சார்!" என்றார் மகிழ்ந்துபோய். புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் விரல் பயிற்சி இலவசமாம். "'புகார் இல்லை'ன்னு போடாதீங்க, 'முழு திருப்தி'ன்னு போடுங்க, பின்னாடி பிரச்சனை வராது" என்று நானே திருத்திக் கொடுத்தேன், மச்சான்! திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"நகல் எங்க?" என்றாள் உங்கள் தங்கை.

"ரொம்ப நல்ல மனுஷன்மா."

"யாரு?"

"மேனேஜர்தான்."

அதிலிருந்து அவள் பேசுவதில்லை. சமையலறைப் பாத்திரங்கள்தான் பேசுகின்றன. சிரிக்காதீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்டுத் திணறினால் நானே அடியெடுத்துக் கொடுத்துவிடுவேன். பிள்ளைக்கு வரவேண்டிய நியாயத்தை என் வாயே கெடுத்துவிடும். ஆகவே வழக்கு வேண்டாம், விட்டுவிடுவோம். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மேல் அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயமும் உள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மாமாவுக்கு ரகசியமாக ஒன்று எழுத வேண்டும் என்று மகள் பேனாவைக் கேட்டாள். இரண்டு தடவை நழுவிவிட்டது. அதனால் அவள் சொல்ல நான் எழுதுகிறேன். காதில் வாங்காமல் எழுத வேண்டுமாம்.

"மாமா, அப்பாவுக்குச் சண்ட போட வராது. நீங்க கேஸ் போடுங்க. ஜட்ஜ்கிட்ட நானே கையக் காட்டறேன், எனக்குப் பயமில்ல. அப்பாகிட்ட சொல்லாதீங்க, பாவம், வருத்தப்படுவாரு."

நான் எதையும் கேட்கவில்லை, மச்சான். கேஸைப் போடுங்கள்.