ரவுடிக்குத் தெரியாத இடம்

டெல்பர்ட் ஹாக்கின்ஸ் அன்று காலை ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். தோற்றுப்போவது. சாதாரணமாக அல்ல, பார்ப்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டு, "விடு, நானே செஞ்சுக்கறேன்" என்று பிடுங்கிக்கொள்ளும்படி தோற்றுப்போவது.

இதெல்லாம் ஒரு முடிவா என்று கேட்பவர்கள், முதலில் தங்கள் வீட்டில் பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும்.

விஷயம் இதுதான். மேற்கு டெக்சாஸ் மலையடிவாரத்தில் ஆகஸ்டு மாதம் என்றால் ரீங்காரச் சிட்டுகளின் மாதம். ஹாக்கின்ஸ் வீட்டுப் பின்கட்டுக் கூரையில் ஒரு சிவப்புச் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி தொங்கும். கட்டைவிரல் அளவுச் சிட்டுகள் காற்றில் ஆணி அடித்தாற்போல நிற்கும், உறிஞ்சும், பின்பக்கமாகவே பறக்கும். டெல்பர்ட் காப்பியோடு சாய்வு நாற்காலியில் கிடப்பார். "ஆகா" என்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. சர்க்கரை கொதிக்க வைப்பது, ஆற வைப்பது, வெயிலில் புளித்துப்போகும் முன் புட்டியைப் பிரித்துத் தேய்ப்பது, எறும்பு விரட்டுவது எல்லாம் அவர் மனைவி நெல்டா.

ஓய்வு பெற்றது டெல்பர்ட் மட்டும்தான். நெல்டாவுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

முந்தின நாள் பக்கத்து வீட்டு வெண்டெல் வந்தபோது டெல்பர்ட் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என் பறவைங்கப்பா இதெல்லாம். பாத்துப் பாத்து வளக்கறேன்."

"பாத்துப் பாத்துங்கறது வாஸ்தவம்தான்" என்று உள்ளேயிருந்து வந்த நெல்டா, சொட்டச் சொட்டப் புட்டி கழுவும் பிரஷ்ஷை அவர் மடியில் வைத்தார். "உன் பறவைதானே? இனிமே பாக்கறவங்களே கழுவிக்கட்டும்."

"எனக்கு இதெல்லாம் வராதே, நெல்டா!"

"ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணி. அஞ்சு வரைக்கும் எண்ண வருமில்ல?"

வெண்டெல் சிரித்த சிரிப்பு வேலி தாண்டியும் கேட்டது.

டெல்பர்ட் கலங்கவில்லை. கைவசம் பழைய அஸ்திரம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒருமுறை துணி துவைக்கச் சொன்னார்கள்; நெல்டாவின் கம்பளிச் சட்டை பொம்மைக்குப் போடும் அளவில் வெளியே வந்தது. அன்றிலிருந்து சலவை அறைப் பக்கம் அவர் தலை வைத்துப் படுத்ததில்லை. அதே அஸ்திரம் இப்போதும் பலிக்காமலா போகும்?

முதலில் நெல்டாவின் செல்லப் பாத்திரத்தில் சர்க்கரையைத் தார் போலக் கருக்கினார். நெல்டா எட்டிப் பார்த்தார்.

"கருகிடுச்சா? சரி."

"நான்தான் சொன்னேனே, வராதுன்னு..."

"வேற பாத்திரம் கீழ் அலமாரியில இருக்கு."

அடுத்து புட்டியைக் கழுவாமலே நிரப்பினார். மூடியை அரைகுறையாகத் திருகி, சட்டையெல்லாம் பிசுபிசுப்பாக்கிக்கொண்டார். எறும்புகள் அவர் நாற்காலி வரை ஊர்வலம் வந்தன. நெல்டா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரோ தினமும் புதிது புதிதாகச் சொதப்பக் கற்பனை வறண்டு, முதுகு வலித்து, ஒழுங்காகச் செய்திருந்தால் எப்போதோ முடிந்திருக்குமே என்று நினைக்கும் அளவுக்குக் களைத்துப்போனார். தோற்பது இவ்வளவு பெரிய உழைப்பு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அதற்குள் தண்ணீர் கலங்கி, புட்டியில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. சிட்டுகள் வருவது நின்றது. ஒன்றே ஒன்று மட்டும், செம்பழுப்பு நிறத்தில், கம்பியில் உட்கார்ந்து புட்டிக்குக் காவல் இருந்தது. தானும் குடிக்காது. யாரையும் அண்டவும் விடாது.

டெல்பர்ட்டும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காலையைக் கழித்தார்கள். காப்பி கசந்தது. ஓய்வு பெற்றபின் அவருக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அந்தக் காலைதான். அதைத் தன் கையாலேயே புளிக்க வைத்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது. ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை. தீவனக் கடையில் ஊர் ஆண்கள் காப்பி குடிக்கும் இடத்தில் போய் அறிவித்தார்: "இந்த வருஷம் சிட்டெல்லாம் சீக்கிரமே தெற்கே கிளம்பிடுச்சு. குளிர் கடுமையா இருக்கப் போகுது."

"என் வீட்ல கூட்டம் தாங்கலையேப்பா" என்றார் வெண்டெல். "உன்கிட்ட மட்டும் சொல்லிட்டுக் கிளம்பிச்சா?"

வீட்டுக்கு வந்து வியர்வையில் நனைந்த காலுறையைக் கழற்றினார். மாற்றுக்கு இழுப்பறையைத் திறந்தால், காலி. ஒற்றைக் காலுறைகூட இல்லை.

"நெல்டா! என் காலுறை எங்க?"

"இங்க இருக்கு. வந்து எடுத்துக்கோ."

'இங்க' என்பது சலவை அறை. இத்தனை வருடம் தள்ளியே இருந்த அந்தக் கதவை டெல்பர்ட் வெறுங்காலோடு தள்ளினார்.

ஜன்னலுக்கு வெளியே புத்தம்புதுப் புட்டி, கண்ணாடி போன்ற தண்ணீர். அதைச் சுற்றி அவருடைய சிட்டுகள் அத்தனையும். பச்சை மின்னியது, தொண்டைகள் ஊதாவாய்ப் பற்றி எரிந்தன, ரீங்காரத்தில் ஜன்னல் சட்டமே அதிர்ந்தது. உள்ளே சலவை இயந்திரத்தின்மேல் காப்பிக் கோப்பை. முக்காலியில் நெல்டா.

"எப்ப மாட்டினே இதை?"

"நீ என் பாத்திரத்தைக் கருக்கின அன்னைக்கு. ஒரு ரவுடி புட்டியைப் பிடிச்சுக்கிட்டா, அவன் கண்ணுல படாத இடத்துல இன்னொண்ணு மாட்டணும். ஊருக்கே தெரிஞ்ச வழிதானே?"

"அந்தச் செம்பழுப்புப் பயலையா சொல்றே?"

நெல்டா அவரைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"அப்ப... நான் எங்க உக்காந்து பாக்கறது?"

"இன்னொரு முக்காலி இருக்கு. ஆனா இந்த அறையில கை சும்மா இருந்தா பறவைக்குப் பிடிக்காது."

துண்டுகள் நிரம்பிய கூடை அவர் பக்கம் நகர்ந்தது. டெல்பர்ட் பெருமூச்சு விட்டார். இதிலும் சொதப்பிவிட்டால் போயிற்று. முதல் துண்டைப் பந்து போலச் சுருட்டினார். இரண்டாவதைக் கையில் எடுக்கும்போது, விரலளவுச் சிட்டு ஒன்று கண்ணாடிக்கு நேரே வந்து நின்று அவர் முகத்தையே பார்த்தது. அவ்வளவுதான். துண்டும் மறந்தது, திட்டமும் மறந்தது.

அது பறந்து போனபின்தான் மடியைக் குனிந்து பார்த்தார். துண்டுகள், ஓரத்தோடு ஓரம் ஒட்டி, கத்தியால் நறுக்கியது போல, இளமையில் பட்டாளத்தில் மடித்தாரே அதே மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

நெல்டாவும் அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராதுன்னு சொன்னே" என்றார். "பரவாயில்ல. படுக்கை விரிப்பெல்லாம் அந்தப் பெரிய கூடையில இருக்கு."