சிரிப்புக்குப் போட்ட பூட்டு

மனிதகுலத்தின் வரலாறு என்பது பூட்டின் வரலாறுதான். பூட்டு இல்லையேல் நாகரிகமே இல்லை. இதைப் பல மேடைகளில் முழங்கியவரும், ஒரு பெரிய நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவருமான பெரியவர், அன்று காலை சமையலறைக் குப்பைக்கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா தேடறீங்க?" என்றாள் மருமகள்.

"சாவி."

"வீட்டுச் சாவியா?"

"வீட்டுச் சாவிக்கா குப்பையில கை விடுவேன்? கம்ப்யூட்டர்ல சொருகற சாவிம்மா. கறுப்பா, கட்டைவிரல் நீளத்துல இருக்கும். பாஸ்வேர்டு போட்டாலும் அதைச் சொருகாம என் கணக்கு திறக்காது. அதுதான் பாதுகாப்பு."

அந்த இணையக் கணக்குக்குள்தான் மனைவியின் படம் இருந்தது. கேமராவைக் கண்டாலே பல்வலிக்காரிபோல் முகத்தை வைத்துக்கொள்பவள், ஆயுளில் ஒரே ஒரு படத்தில்தான் வாய்விட்டுச் சிரித்திருந்தாள். கடற்கரை, காற்று, பாதி முகத்தை மறைத்த தலைமுடி. அவள் போய் நாளையோடு ஒரு வருஷம். உறவுக்காரர்கள் வருகிறார்கள். சுவரில் வெறும் பிரேம் தொங்குகிறது. நகல் என்பது திருடனுக்குத் திறந்துவிட்ட ஜன்னல் என்று சொல்லி, எல்லார் போனிலிருந்தும் படங்களை அழிக்கவைத்தவரும் அவரேதான்.

"உபரியா இன்னொரு சாவி வாங்கினீங்களே மாமா?"

"அது பத்திரமா இருக்கு. எந்தத் திருடனாலயும் கண்டுபிடிக்க முடியாத இடம்."

"எங்க?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "மறந்துடக் கூடாதுன்னு குறிச்சு வெச்சிருக்கேன்."

"எதுல?"

"அந்தக் கணக்குலதான்."

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாவி இல்லாதவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். வந்தது, கணக்கில் அவர் பதிந்து வைத்திருந்த மனைவியின் நம்பருக்கு. அவள் இறந்த கையோடு அந்த நம்பரைப் பொறுப்பாகத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார். இப்போது அது யாரிடமோ இருந்தது.

கூப்பிட்டார்.

"ஹலோ, யாரு?" ஒரு பெண் குரல்.

"உங்க போனுக்கு இப்போ ஒரு எண் வந்திருக்கும்மா. அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

"ஏன்யா, உங்களுக்கெல்லாம் வேற பொழப்பே இல்லையா? கிழவன் குரல்ல பேசினா ஏமாந்துடுவோமா? யார்கிட்டயும் சொல்லாதேன்னு கீழேயே போட்டிருக்கு!"

"நீங்க சொல்றது ரொம்பச் சரி. ஆனா..."

லைன் அறுந்தது. ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஊரெல்லாம் பாடம் நடத்தியவர் அவர். மறுபடி கூப்பிட்டார். அந்தப் பெண் அவரை பிளாக் செய்திருந்தாள்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் மனைவிக்குப் பிடித்த நிறம் எது?

கணக்கு தொடங்கிய அன்று பதிலைத் தட்டியது அவள். "எனக்குக்கூடக் காட்டாதே, அதுதான் முறை" என்று சொல்லிவிட்டு இவர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

நீலம் என்று தட்டினார். தவறு. பச்சை. தவறு. ஓடிப்போய் அவள் அலமாரியைத் திறந்தார். உள்ளே எல்லாத் துணியும் சாம்பல் நிறம். எல்லாம் இவர் வாங்கிக் கொடுத்தவை.

சாம்பல் என்று தட்டினார்.

பாதுகாப்புக் கருதி இந்தக் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டதாகத் திரை அறிவித்தது.

பெரியவர் வெறும் பிரேமுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவ முகத்தையே பூட்டித் தொலைச்சுட்டேன்ம்மா."

மருமகளுக்கு அதற்குமேல் மனசு கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தாள்.

"திட்டாதீங்க மாமா. அன்னிக்கு அழிச்சுட்டேன்னு பொய் சொன்னேன். கடற்கரையில எடுத்தது எல்லாம் இதுல இருக்கு."

அவர் திட்டவில்லை. போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளியவர், ஒன்றில் நின்றார். முகமெல்லாம் மலர்ந்தது.

"பாரும்மா! எப்படிச் சிரிக்கிறா பாரு! வேற எவனுக்கும் தெரியாது இந்தச் சிரிப்போட அருமை. கூடவே வாழ்ந்தவனுக்குத்தான் தெரியும். இதையே பெருசாப் போட்டு மாட்டிடலாம்."

மருமகள் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"மாமா, இது அத்தையோட தங்கச்சி. அத்தைதான் படம் எடுத்தாங்க."